கவிழ்த்து வைத்த தட்டு

மதியம் சாப்பிட வந்த பெரியப்பா, எழுந்ததும் தட்டோடு நேரே தொட்டிக்குப் போனார். "வைங்க பெரியப்பா" என்றேன். கேட்கவே இல்லை.

கழுவினார். வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

"ஹோம் பழக்கம்டா."

மயிலாப்பூர் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லத்தில் வளர்ந்தவர். 1905இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் 7 பையன்களோடு வாடகை வீட்டில் தொடங்கியது. ஏழை, ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறு, இடம், படிப்பு எல்லாம் இலவசம். பெருக்குவது, கழுவுவது மட்டும் அவரவர் கை.

நான் இருந்த விடுதியில் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம். யார் கழுவினார்கள்? பெயர்கூடத் தெரியாது.

அப்புறம் என் தட்டுக்கும் கை நீட்டினார்.

பிடுங்கிக்கொண்டேன்.