மெட்ஸ் 1969: அதிசயத்தின் பங்கு ஆறரை வெற்றி

2018-ல் மதுரை பாந்தர்ஸ் டி.என்.பி.எல் கோப்பையைத் தூக்கினதை ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுப் பக்கம் இன்னும் அதிசயம் என்றுதான் சொல்வார்கள். முதல் இரண்டு சீசனிலும் பிளே-ஆஃப் வாசலை மிதிக்காத டீம், மூன்றாவதில் சாம்பியன் ஆனால் வேறென்ன சொல்வது? ஆனால் அந்தச் சொல்லை மொத்தக் குத்தகைக்கு எடுத்த டீம் ஒன்று உண்டு: 1969-ல் அமெரிக்க பேஸ்பால் பட்டம் வென்ற நியூயார்க் மெட்ஸ். 'மிராக்கிள் மெட்ஸ்' என்பதே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அதில் அதிசயம் எவ்வளவு, வேலை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு ஆட்டம் சுருக்கமாக: ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கத்துக்கும் மூன்று மூன்று அவுட். அவுட்டானவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, முறை வந்தால் திரும்ப ஆடலாம். பிட்சர் 60 அடி 6 அங்குல தூரத்தில், ஒரு மண்மேட்டின் மேல் நின்று எறிவார். நாலு மூலையில் இருக்கும் 'பேஸ்'களைச் சுற்றி வந்தால்தான் ஒரு ரன், அதை எடுப்பதே பெரும்பாடு. 2-1, 4-3 எல்லாம் சாதாரண ஸ்கோர். சீசனுக்கு 162 ஆட்டம், அநேகமாக தினமும்.

மெட்ஸ் 1962-ல் பிறந்த டீம். முதல் வருஷம் 40 வெற்றி, 120 தோல்வி. 1968 வரை பத்து டீம் உள்ள லீகில் ஒன்பதாவது இடத்தைத் தாண்டியதே இல்லை. 1968-லும் 73 வெற்றி, 89 தோல்வி, அதே ஒன்பதாவது இடம். மறு வருஷம் 100 வெற்றி, 62 தோல்வி, சாம்பியன். இதை மட்டும் படித்தால் அதிசயம்தான்.

இப்போது செல்போனில் கால்குலேட்டரைத் திறங்கள். பேஸ்பால் கணக்குப்பிள்ளைகள் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. டீம் எடுத்த ரன்னை அதனாலேயே பெருக்குங்கள். கொடுத்த ரன்னையும் அதே மாதிரி. முதல் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 162-ஆல் பெருக்கினால், அந்த ரன்களுக்கு நியாயமாக எத்தனை வெற்றி வந்திருக்க வேண்டும் என்று தெரியும்.

1968 மெட்ஸ் எடுத்தது 473, கொடுத்தது 499. போட்டுப் பார்த்தால் 77 வெற்றி வருகிறது. அதாவது ஒன்பதாவது இடத்தில் கிடந்தாலும், பாதிக்குப் பாதி ஜெயிக்கிற டீமுக்கு நாலு வெற்றிதான் குறைவு. 1969-ல் எடுத்தது 632, கொடுத்தது 541. விடை 93.5. உண்மையில் ஜெயித்தது 100. ஆக, 73-லிருந்து 100-க்குத் தாவியதில் பெரும்பங்கு ரன்னில் வந்த நிஜ முன்னேற்றம். கணக்குக்கு மேலே வந்தது ஆறரை வெற்றி. அதிசயம் என்று யாராவது சொன்னால், அந்த ஆறரையைத்தான் அவர்களுக்குக் கொடுக்க முடியும்.

நம்மூர் லீக் நோட்டை வைத்தும் இதைப் போட்டுப் பார்க்க ஆசை வரும். கிரிக்கெட்டில் தப்பான விடை வரும். இரண்டாவதாக ஆடுகிற டீம் இலக்கைத் தொட்டதுமே ஆட்டம் முடிந்துவிடுகிறது. எட்டு விக்கெட்டில் ஜெயித்தாலும் ரன் வித்தியாசம் ஒன்றோ இரண்டோதான் தெரியும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கபடி டோர்னமெண்ட் புள்ளிகளுக்குப் பொருந்தும். ஆனால் அதனாலேயே ஒரு முறை பெருக்கினால் போதாது. புள்ளிகள் அதிகம் விழும் ஆட்டத்தில் அடுக்கை ஏற்ற வேண்டும், அதாவது இன்னும் பல முறை பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா டீமும் பாதிக்குப் பாதி என்றே காட்டும்.

இதே கணக்கை, மெட்ஸோடு முதலிடத்துக்கு மோதிய சிகாகோ கப்ஸுக்குப் போட்டால்தான் சங்கடம். அந்த வருஷம் அவர்கள் எடுத்தது 720, கொடுத்தது 611. விடை 94. மெட்ஸை விட ஒரு மயிரிழை மேலே! ஆனால் முடித்தது 92-ல், எட்டு ஆட்டம் பின்னால். ஒரே தரத்து இரண்டு டீம். ஒன்று கணக்குக்கு மேலே போனது, இன்னொன்று கீழே இறங்கியது. ஏன்?

ஆட்களை வேலை வாங்கிய விதம் என்பது என் பதில். கப்ஸ் மேனேஜர் லியோ டுரோச்சர் தன் முக்கிய ஆட்களையே ஏறக்குறைய நாள் தவறாமல் இறக்கினார். கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ராண்டி ஹண்ட்லி 151 ஆட்டம். ஒவ்வொரு பந்துக்கும் குத்தவைத்து எழும் வேலை அது. பிட்சர்களில் ஃபெர்கி ஜென்கின்ஸ் 311 இன்னிங்ஸ், பில் ஹேண்ட்ஸ் 300. இதோடு கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் அப்போது விளக்கே கிடையாது (1988-ல்தான் வந்தது). உள்ளூர் ஆட்டம் எல்லாம் பட்டப்பகலில். சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தமுக்கம் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். சிகாகோ வெயில் மதுரை வெயில் இல்லைதான், ஆனால் தினம் தினம் என்றால் அதுவும் வேலையைக் காட்டும்.

மெட்ஸ் மேனேஜர் கில் ஹாட்ஜஸும் பிட்சிங் கோச் ரூப் வாக்கரும் நேர்மாறு. ஐந்து பேர் சுழற்சி. எறிந்தவருக்கு நடுவில் நாலு நாள் ஓய்வு. நாலு பேர், மூன்று நாள் ஓய்வு என்று ஓட்டிய டீம்கள் அப்போது நிறைய. டாம் சீவர் 25 வெற்றி, 7 தோல்வி; ஜெர்ரி கூஸ்மேன் 17-9. செப்டம்பரிலும் இருவர் கையும் புதுசாகவே இருந்தது. அந்த வருஷம்தான் மண்மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்திருந்தார்கள், பிட்சர் பந்தைப் போட வேண்டிய ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கியிருந்தார்கள். பேட்டர்களுக்குச் சாதகமான மாற்றம். அதற்கு நடுவிலும் மெட்ஸ் பிட்சர்கள் எதிரிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காத ஆட்டங்கள் 28.

பேட்டிங்கில்தான் ஹாட்ஜஸின் கைவேலை. நாலு இடத்துக்கு எட்டுப் பேர். முதல் பேஸில் டான் கிளெண்டெனான் அல்லது எட் கிரேன்பூல். இரண்டாவதில் அல் வைஸ் அல்லது கென் பாஸ்வெல். மூன்றாவதில் எட் சார்லஸ் அல்லது வெய்ன் காரெட். ரைட் ஃபீல்டில் ரான் ஸ்வோபோடா அல்லது ஆர்ட் ஷாம்ஸ்கி. எதிரில் இடக்கை பிட்சர் என்றால் ஜோடியில் முதலில் சொன்னவர், வலக்கை என்றால் இரண்டாமவர். காரணம் எளிது: வலக்கை பிட்சரின் வளையும் பந்து வலக்கை பேட்டரை விட்டு வெளியே ஓடும், இடக்கை பேட்டரை நோக்கி உள்ளே வரும். லெக் ஸ்பின்னருக்கு எதிராக இடக்கை ஆட்டக்காரரை இறக்குகிற அதே புத்தி. இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் மனசு. நன்றாக ஆடுகிறவனை உட்கார வைத்தால் முகம் சுளிப்பான். அதை ஹாட்ஜஸ் சமாளித்தார் என்பதுதான் பெரிய விஷயம். சமாளிப்பதென்றால் தட்டிக்கொடுப்பது மட்டுமில்லை. ஜூலை 30 அன்று, டீமில் அதிக சராசரி வைத்திருந்த கிளியோன் ஜோன்ஸ் பந்தை மெதுவாக விரட்டினார் என்று, லெஃப்ட் ஃபீல்டு வரைக்கும் தானே நடந்துபோய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 13 அன்று மெட்ஸ் மூன்றாவது இடம், கப்ஸுக்குப் பத்து ஆட்டம் பின்னால். மிச்சமிருந்த 49-ல் 38 ஜெயித்தார்கள். செப்டம்பர் 9 அன்று மெட்ஸின் ஷே ஸ்டேடியத்தில் கப்ஸ் பெஞ்சு முன்னால் கருப்புப் பூனை ஓடியதாம், அதனால்தான் சிகாகோ தோற்றதாம். பூனைச் சகுனம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்துகொள்ளலாம். வேறு பயன் இல்லை. அதற்கு முன்பே கப்ஸ் தொடர்ந்து தோற்க ஆரம்பித்தாகிவிட்டது. செப்டம்பர் 10 அன்று மெட்ஸ் முந்தியது. 12-ஆம் தேதி பிட்ஸ்பர்கில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், இரண்டும் 1-0, இரண்டிலும் அந்த ஒரு ரன்னை அடித்துக்கொடுத்தவர் பிட்சர். 15-ஆம் தேதி எதிர் டீம் பிட்சர் ஸ்டீவ் கார்ல்டன் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆக்கினார், ஆனாலும் ஸ்வோபோடாவின் இரண்டு ஹோம் ரன்னில் (நம் சிக்ஸர் மாதிரி) மெட்ஸ் 4-3 என்று ஜெயித்தது. ஒரு ரன்னில் முடிந்த ஆட்டங்களில் அந்த வருஷம் 41 வெற்றி, 23 தோல்வி. ஆறரை ஒளிந்திருப்பது இங்கேதான். கொஞ்சம் அதிர்ஷ்டம், கொஞ்சம் பிட்சர்கள் டக் மெக்ராவும் ரான் டெய்லரும் கடைசி இன்னிங்ஸ்களைக் காத்தது.

பிளே-ஆஃபில் அட்லாண்டா பிரேவ்ஸை 3-0 என்று துடைத்தார்கள். எதிரில் மூவரும் வலக்கை பிட்சர்கள். ஷாம்ஸ்கி வெளுத்து வாங்கினார். கிளெண்டெனான் மூன்று ஆட்டத்திலும் களமிறங்கவே இல்லை.

இறுதிப் போட்டியான உலகத் தொடரில் எதிரி பால்டிமோர் ஓரியோல்ஸ். 109 வெற்றி, மேலே சொன்ன கணக்கில் 112 தகும். நிஜமான ராட்சத டீம். ஆனால் ஐந்து ஆட்டத்தில் நாலுக்கு அவர்கள் இறக்கியது இடக்கை பிட்சர்களை: மைக் குவெயார், டேவ் மெக்னாலி. ஹாட்ஜஸ் யோசிக்கவில்லை, ஷாம்ஸ்கி உட்கார்ந்தார், கிளெண்டெனான் எழுந்தார். மூன்று ஹோம் ரன், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம். சீசனில் .215 சராசரி (ஆயிரம் முறைக்கு 215 ஹிட் என்ற கணக்கு) அடித்த அல் வைஸ் இந்தத் தொடரில் .455. முதல் ஆட்டம் தோல்வி 4-1. பிறகு 2-1, 5-0, 2-1, 5-3. மூன்றாவது ஆட்டத்தில் டாமி ஏஜி பிடித்த இரண்டு கேட்ச் மட்டுமே ஐந்து ரன்னைத் தடுத்தது.

நாலாவது ஆட்டத்தை மட்டும் யூடியூபில் தேடி, பத்தாவது இன்னிங்ஸை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 1-1. முதல் இரண்டு பேஸிலும் மெட்ஸ் ஆட்கள். ஜே.சி. மார்ட்டின் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடுகிறார். பிட்சர் பீட் ரிச்சர்ட் எடுத்து முதல் பேஸுக்கு எறிகிறார். பந்து மார்ட்டினின் மணிக்கட்டில் பட்டுத் தெறிக்கிறது. இரண்டாவது பேஸிலிருந்து ராட் காஸ்பர் ஓடிவர, ஆட்டம் முடிந்தது. அப்போதைய விதிப்படி முதல் பேஸுக்குப் போகும் கடைசிப் பாதித் தூரத்தில் கோட்டுக்கு வெளியே மூன்று அடிப் பாதையில்தான் ஓட வேண்டும். மறுநாள் வந்த படங்களில் மார்ட்டின் கோட்டுக்கு உள்ளே ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. அவுட் கொடுத்திருக்கலாம். அம்பயர் ஷேக் கிராஃபோர்டு கொடுக்கவில்லை. சண்டைக்கு வரவேண்டிய பால்டிமோர் மேனேஜர் ஏர்ல் வீவரையோ, அதே கிராஃபோர்டு மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளியேற்றியிருந்தார். அந்தப் பாதையை உள்பக்கம் புல் ஓரம் வரை அகலப்படுத்த பேஸ்பாலுக்கு 2024 வரை ஆனது.