ரப்பரில் விழுந்த வெட்டு

பொங்கலுக்கு வீடு கழுவியபோது, வளவின் ஆத்தங்குடிக் கல்லில் தம்பி மகன் புதிதாக வாங்கிவந்த ரப்பர் வைப்பரை இழுத்தான். தண்ணீரெல்லாம் முற்றத்துக்கு ஓடியது. ஒரு கோடு மட்டும் நின்றது. மறுபடி இழுத்தான். அதே இடத்தில் அதே கோடு. வைப்பரைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு வெட்டு. ஆத்தா பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துப் பிழிந்து, ஒரே வீச்சில் துடைத்தாள். “ரப்பர் தள்ளத்தான் செய்யும் அப்பு. துணிதான் குடிக்கும்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எங்கள் ஆலைக்கு எத்தனை தகட்டுச் சுருள்கள் வீணாகப் போயின!

26 ஆண்டுகள் ஓர் உருக்காலையின் பிக்லிங் பிரிவில் பராமரிப்பு வேலை பார்த்தேன். சூடாக உருட்டிய இரும்புத் தகட்டின் மேல் படிந்த கருஞ்செதிலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, நீரில் அலசி, உலர்த்திச் சுருட்டுவோம். ஒவ்வொரு தொட்டியின் வாயிலிலும் மேலும் கீழுமாக இரண்டு உருளைகள் தகட்டைப் பிழியும். அவை ரப்பர் போர்த்தியவை.

ஒரு முறை, சுருள்கள் கிடங்கில் இருக்கும்போதே ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, நீளவாக்கில் பழுப்புக் கோடு போட்டன. அமிலத்தைக் குறை சொன்னார்கள், காற்றூதியைக் குறை சொன்னார்கள். உருளையைக் கழற்றி விரலால் தடவினேன். ரப்பரில் பள்ளம் தட்டுப்பட்டது. முந்தைய வாரங்களில் ஓடிய அகலம் குறைந்த தகட்டின் கூரிய ஓரம் ஒரே இடத்தில் அறுத்த பள்ளம். அகலமான தகடு வந்ததும் அதன் வழியே தண்ணீர் ஒழுகியிருக்கிறது. ஈரம் இருந்த இடம் துருப்பிடித்தது. துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடியின் பிள்ளை நான். அந்தக் கோட்டைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

அதன்பிறகுதான் ரப்பர் உருளைக்குப் பதிலாக நெய்யாத துணி உருளை வந்தது. எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலையைப் போல ஊடும் பாவும் இதில் இல்லை. செயற்கை இழைகளைத் தாறுமாறாகப் பரப்பிப் பிணைத்த கனத்த துணி. அதை நடுவில் துளையுள்ள வட்டங்களாக வெட்டி, நூற்றுக்கணக்கில் தண்டில் கோத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நெருக்கி, இருபுறமும் தட்டு வைத்துப் பூட்டுவார்கள். பிறகு லேத்தில் கடைந்து சாணை பிடிப்பார்கள். கையால் தட்டினால் மரக்கட்டை போல் ஒலிக்கும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: நிற்காது, உள்ளே போய்விடும்.

அதன் அழகு வெட்டுப்பட்ட பிறகுதான் தெரியும். ஓரம் அறுத்தாலும், நெருக்கப்பட்ட வட்டங்கள் இருபுறமிருந்தும் சாய்ந்து காயத்தை மூடிக்கொள்கின்றன. எண்ணெய்ப் பசையிலும் தகடு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். விலை அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கோடு விழுந்து திரும்பிவந்த ஒரு சுருளின் விலையை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம்.

இழையைப் பார்த்து வாங்க வேண்டும். வலுவான அமிலத்தில் நைலான் கெட்டுவிடும்; அங்கே பாலிபுரொப்பிலீன் தாங்கும், ஆனால் சூடு அதிகமானால் அது இளகிவிடும். காரக் கரைசல் (ஆல்கலி) உள்ள தொட்டிக்குப் பாலியெஸ்டர் ஆகாது.

தேவகோட்டையிலிருந்து உருட்டாலை வேலைக்குப் போயிருக்கும் பையன் ஒருவன் பராமரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தான். தம்பி, ஓட்டத்துக்கு முன் உருளையை நன்றாக நனைத்துவிடு. லைன் நின்றால் முதல் வேலையாக மேல் உருளையைத் தூக்கு. அழுந்தியபடியே விட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கழற்றியதைத் தரையில் கிடத்தாதே, தண்டின் இரு முனைகளையும் தாங்கியில் ஏற்றி வை.