செப்பாங்குக்கு எந்த ரிம்?

என் டொயோட்டா ஜிடி86 காரைக் கிள்ளானிலிருந்து மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப்போய், நாள் முழுக்க அங்கே சுற்றிவிட்டு, அதிலேயே வீடு திரும்புவேன். ரிம்மும் டயரும் ஒரே செட்தான். மாற்றி மாட்ட இன்னொன்று கிடையாது.

காரோடு வந்தது 7 அங்குல அகல ரிம், ஆஃப்செட் 48 (காரில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 48 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது), டயர் 215/45ஆர்17 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் விட்டம் 17 அங்குலம்). வளைவில் பின்புறம் வழுக்கிக்கொண்டு போவது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் செப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், வலது வளைவுகளே அதிகம். இரண்டாவது தடவை போய் வந்தபோது முன் இடது டயரின் வெளி ஓரத்தில் பட்டன்களே இல்லை, எல்லாம் தேய்ந்துவிட்டன.

முதலில் ஆசைப்பட்டது 18 அங்குல விட்டமுள்ள ரிம்முக்கு. பார்வைக்காக மட்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். கணக்குப் போட்டால் 225/40ஆர்18 டயரின் மொத்த விட்டம் 637 மில்லிமீட்டர், பழையது 625. டயர் உயர்ந்தால் கியர் நீளும், இருக்கும் இழுவையும் குறையும். 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே உள்ள வண்டிக்கு அது வேண்டாத வேலை.

அப்புறம் நண்பர் ஒருவர் தன் 9 அங்குல அகல ரிம்மைக் கழற்றிக் கொடுத்தார்: ஆஃப்செட் 45, டயர் 245/40ஆர்17. விட்டம் 628, அதில் குறையே இல்லை. ஆனால் ரிம் உள்பக்கம் 22 மில்லிமீட்டரும் வெளிப்பக்கம் 28 மில்லிமீட்டரும் கூடுதலாக நீள்கிறது. மாட்டிப் பார்த்தால் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (சஸ்பென்ஷனின் தூண்) நடுவில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. அவர் காரில் சஸ்பென்ஷனே வேறு. என்னுடையது இன்னும் ஒரிஜினல்.

கடைசியில் 8 அங்குல அகலம், ஆஃப்செட் 45, யோகோஹாமா ஏடி08ஆர் டயர் 225/45ஆர்17. உள்ளே 10, வெளியே 16 மில்லிமீட்டர்தான் கூடியது, எங்கேயும் உரசவில்லை. விட்டம் 634, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அகலத்தைவிட ரப்பரின் ஒட்டும் குணம்தான் எனக்குப் பெரிய வித்தியாசம் காட்டியது. 5, 6ஆம் வளைவுகளில் முன்பு காலைத் தளர்த்திய இடத்தில் இப்போது அழுத்திக்கொண்டே போக முடிகிறது.

நான் கோட்டை விட்டது ஒரு சின்னப் பொருளில். புது ரிம்மின் நடு ஓட்டை 73 மில்லிமீட்டர், அதில் நுழையும் காரின் ஹப் (சக்கரம் மாட்டும் மையம்) 56.1. இடைவெளியை அடைக்கும் வளையத்தைக் கடையில் பிளாஸ்டிக்கில் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். பிரேக் சூட்டில் இளகிவிட்டது. அடுத்த தடவை சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது ரிம் நடுவில் உட்காரவில்லை, வீடு வரும் வழியெல்லாம் ஸ்டீயரிங் நடுக்கம். இப்போது அலுமினிய வளையம் போட்டிருக்கிறேன். நட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சால் முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்து ரிம் ஆறியதும் இன்னொரு முறை பார்த்துவிடுவேன்.

காற்று விஷயத்தில் செப்பாங் வெயிலை நம்பக்கூடாது. காலையில் 28 பிஎஸ்ஐ வைத்தால் பிட்டுக்குள் (தடத்தோர நிறுத்தம்) வரும்போது 35 காட்டும், அதுதான் எனக்குச் சரியாக இருக்கிறது. ஒருநாள் சாலையில் வழக்கமாக வைக்கும் 35-ஐக் குளிர்ந்த டயரிலேயே ஏற்றிவிட்டு, மூன்றாவது சுற்றிலேயே பனிக்கட்டிமேல் ஓட்டுவது போல ஆகிவிட்டது.

வெளி ஓரத் தேய்மானம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. முன் சக்கரங்களில் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி சாய்ந்திருக்கும் கோணம்) கிட்டத்தட்டப் பூஜ்யம் என்பதால் எந்த டயர் போட்டாலும் கொஞ்சம் அப்படித்தான். அந்தச் சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட் வாங்கி வைத்தாயிற்று, அடுத்த மாதம் மாட்டவேண்டும்.