வாசிக்கணுமா, சொல்லட்டுமா?

"டீச்சர், வாசிக்கணுமா, இல்ல சொல்லட்டுமா?"

தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டுப் பையன் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி கேட்டான். "வாசிப்பா" என்றேன். யோசிக்கவே இல்லை. வாசிப்புப் பாடத்தில் வேறென்ன சொல்வது?

அன்றைய பகுதி பினாங்குத் தைப்பூசம். தண்ணீர்மலை, ரதம், காவடி, தேங்காய் உடைப்பு. அவன் வீட்டார் வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவனை எழுப்பினேன். பழகிய விஷயம், பயமில்லாமல் வாசிப்பான் என்று நினைத்தேன்.

"கா... வ... ட்டி" என்றான். அட்டையில் பார்த்துப் படித்த 'டி'யை அப்படியே அழுத்திச் சொன்னான். தமிழில் ஒரே எழுத்துதான் 'பட்டி'யில் வன்மையாகவும் 'காவடி'யில் மென்மையாகவும் ஒலிக்கிறது. சொல் தெரிந்தவனுக்கு அது ஒரு சிக்கலே இல்லை. வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். இவனுக்கும் சொல் தெரியும், அப்பாவோடு நடந்தே போயிருக்கிறான். ஆனால் வாயிலிருந்து வந்த 'காவட்டி' அவன் காதுக்குள் போய்க் காவடியாகவில்லை. மூன்று எழுத்தாகவே கிடந்தது.

அடுத்து வந்தது 'உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு'. விரலை வைத்து நகர்ந்தான். 'கொ'வில் நின்றான். கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது, நடுவில் 'க'. 'தவர்' வரை வந்ததும் விரல் மறுபடியும் 'உ'வுக்கே திரும்பியது. வால் வந்தபோது தலை மறந்துவிட்டது. தேர்ந்த வாசகரின் கண் ஓரிடத்தில் கால் நொடிதான் நிற்கும், பின்னால் திரும்புவதும் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் கண்ணுக்கு அந்த நீளச் சொல் 'உடைத்து', 'கொண்டிருந்தவர்', 'களுக்கு' என்று கட்டுக் கட்டாக வந்து விழும். அவன் கண்ணுக்குக் கட்டே கிடையாது, எல்லாம் உதிரி.

பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. "போதும், உட்காரு" என்றேன். அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். இன்றும் அதைத் தவறென்று நினைக்கவில்லை.

பக்கத்து மாணவி எழுந்து தடங்கலில்லாமல் வாசித்து முடித்தாள். எனக்கு மூச்சு வந்தது. "ரதத்துக்கு முன்னால ஏன் தேங்காய் உடைக்கிறாங்க?" என்று கேட்டேன். அவள் புத்தகத்துக்குள் குனிந்து வரியைத் தேடினாள்.

கேள்விக்கு அவன்தான் பதில் சொன்னான், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "வேண்டுதல் டீச்சர். உடைச்சதும் தேங்காய் ஓட்டை உடனே ஒதுக்கணும், இல்லேன்னா ரதம் இழுக்கிற மாட்டுக் காலைக் குத்தும்." கடைசி விஷயம் பாடத்திலேயே இல்லை.

"உன்னைக் கேக்கல" என்றேன்.

முதல் கேள்வியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சுற்றிச் சுற்றி இந்த இரண்டு சொல்லிடமே வந்து நிற்கிறேன்.

எனக்கும் நியாயம் இருக்கிறது. 'சொல்லட்டுமா' என்று கேட்கும் பிள்ளையைச் சொல்லவே விட்டால் அவன் என்றைக்கு வாசிப்பான்? படத்தைப் பார்த்து, முதல் எழுத்தைப் பார்த்து ஊகி என்று பல வருடம் நானே சொல்லிக்கொடுத்தவள். உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1980இல் எழுதியதைப் படித்த பிறகுதான் நிறுத்தினேன். ஒரு சொல்லை அடையாளம் காணச் சூழலைப் பிடித்துத் தொங்குவது நன்றாக வாசிப்பவர் அல்ல, தடுமாறுகிறவர்தான் என்கிறார். சொல்லைப் பார்த்ததும் அறிகிறவருக்கு ஊகம் தேவைப்படுவதில்லை. எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிட்டால் பொருளுக்கு மிச்சமிருக்காது என்று 1974லேயே ஆய்வாளர்கள் லபெர்ஜும் சாமுவேல்சும் விளக்கிவிட்டார்கள். ஆகவே எழுத்துக்கூட்டல் பழக்கமாகிற வரை விடக்கூடாது. 'வாசி' என்று நான் சொன்னது சரிதான்.

ஆனால் 1988இல் ரெக்டும் லெஸ்லியும் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பேஸ்பால் இருந்த இடத்தில் ரதத்தை வைத்துப் பார்த்தால் அது என் வகுப்பு. அந்த மாணவியிடம் ஓசை இருந்தது, இவனிடம் பொருள் இருந்தது. நான் ஓசைக்கு மதிப்பெண் போட்டேன். முதலில் அவனைச் சொல்லவிட்டு, அவன் வாயிலிருந்து வந்த 'காவடி'யைக் கரும்பலகையில் எழுதி, "இதோ, நீ சொன்னதுதான் இது" என்று காட்டியிருந்தால்? காது முன்னே போய்க் கண்ணை அழைத்து வந்திருக்குமோ? நாற்பது பக்கம் திருத்த வேண்டிய நாளில் இதெல்லாம் தோன்றுவதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அன்று திருத்த எதுவும் இருக்கவில்லை.

அதன் பிறகு அவனாகக் கை தூக்கவே இல்லை. தினமும் மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் அவனோடு உட்கார்ந்தேன். சொற்களைப் பிரித்துப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். ஆண்டு முடிவதற்குள் 'கொ'வில் நிற்பது குறைந்தது. சொல்லட்டுமா என்று மட்டும் மறுபடி கேட்கவில்லை. அது முன்னேற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆண்டிறுதியில் அடைவுநிலை ஆறில் இரண்டு என்று பதிந்தேன். குறிப்புப் பகுதியில், 'கேட்டால் நன்றாகச் சொல்வான்' என்று எழுதினேன். வாசிப்புக்கான இடத்தில் இது எதற்கு என்று தோன்றியது. அடித்துவிட்டேன். கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிகிறது. அடுத்த ஆசிரியை கண்ணில் பட்டதா என்று அவரிடம் இதுவரை நான் கேட்கவில்லை.