இரண்டாயிரத்து நானூறு அடி

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு, மாஹேபூர், மொரீஷியஸ்

அக்கா மகள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வுக்குப் படிக்கிறாள். அந்த வேலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால் பாடம் கேட்க என்னிடம் வருகிறாள். "உயரத்தை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னால் போதாதா மாமா?" என்றாள். போதாது. ஃபிளைட் லெவலுக்கு, அதாவது மேல்வானில் நூறடிக் கணக்கில் சொல்லும் உயர எண்ணுக்கு, அது சரி. அடிக்கணக்கில் சொல்லும்போது ஆயிரமும் நூறும் வாயில் வந்தே ஆகவேண்டும்.

1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஃபிளையிங் டைகர் 66 சரக்கு விமானத்தின் கதையைச் சொன்னேன். 2,400 அடிக்கு இறங்கு என்பதைக் கட்டுப்பாட்டாளர் "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார். முதலில் வந்த 'டூ' (two, இரண்டு) விமானிகளுக்கு எண்ணாகப் படவில்லை; 400 அடி'க்கு' என்னும் 'to'வாகப் பட்டது. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் சொல்லி 400 அடியை நோக்கி இறங்கினார்கள். 437 அடி உயரத்தில் குன்று நின்றது. நால்வரும் மாண்டார்கள்.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும் லயன் மலை 480 மீட்டர், ஏறத்தாழ 1,575 அடி. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் அந்த 'டூ'வைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு ஆறாதது வேறு. தவறான எண் ரேடியோவில் வாய்விட்டே ஒலித்தது. யாரும் அதைத் தடுக்கவில்லை. விமானியைத் திருப்பிச் சொல்ல வைப்பதே, பிழையைப் பிடிக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசக் காவடி. பாடமில்லை. ஏழு கறிச் சாப்பாட்டின்போது அத்தான், "இப்படிப்பட்ட விபத்துகளுக்கெல்லாம் வெளிநாட்டு விமானிகளுக்கு ஆங்கிலம் வராததுதான் காரணம்" என்றார். இலைக்கு முன்னால் வாதாட மனமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அத்தானின் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. அவர் நினைத்தது சர்க்கி தாத்ரியாக இருக்கலாம். 1996 நவம்பர் 12, டெல்லிக்கு அருகில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் மாண்ட விபத்து. சவுதி விமானத்துக்கு 14,000 அடி, எதிரே இறங்கி வந்ததற்கு 15,000 அடி. அந்த 15,000-க்குக் கீழேயும் கஜக் விமானம் இறங்கியது. அதில் கட்டுப்பாட்டாளரிடம் பேசியவர் ரேடியோ இயக்குநர்; ஓட்டியவர்கள் வேறு. ஒருவர் காதில் விழுந்த எண் இன்னொருவர் கைக்குச் சேர வேண்டியிருந்தது. கீழே டெல்லியில் இருந்த ரேடாரோ விமானத்தின் உயரத்தைக் காட்டாதது. ஆங்கிலம் மட்டும் என்று சொல்லி முடித்தால் மற்றவையெல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் வைக்கும் ஆங்கில மொழித்தேர்வு வேண்டாம் என்பதில்லை. அதில் நான்காம் நிலையில் தேறியவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி தேர்வுக்கு வருவது நியாயமே.

பிப்ரவரி 19, புதன்

கோலாலம்பூர் விபத்து நடந்து இன்று 36 ஆண்டுகள். நான் விமானியாக இருந்து வேண்டுமென்றே பிழையாகத் திருப்பிச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் "நெகட்டிவ்" (தவறு) என்று மறித்து எண்ணை முழுதாகச் சொன்னாள். எண்ணே இல்லாமல் "ரோஜர்" (கேட்டுக்கொண்டேன்) என்றேன். தயங்கினாள். "வரிசையில் ஐந்து விமானம் காத்திருந்தால் என்ன செய்வது மாமா?" காத்திருக்கட்டும். எண் வரும்வரை கேள் என்றேன்.

அடுத்தது உயரமானிக்கான காற்றழுத்தம். அதில் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினாலே ஏறத்தாழ 27 அடி மாறிவிடும்.