பைக்கு போகாத பாலம்

மார்ச் மாசச் சம்பளச் சீட்டைப் பாத்ததும் வயிறு எரிஞ்சு போச்சு. பைக்ல ஊர் சுத்துறதுக்குன்னு கம்பெனி நாலு மாசமா குடுத்த அட்வான்ஸ் மொத்தத்தையும் சம்பளத்தோட சேத்து, அதுக்கும் டிடிஎஸ்னு வரி புடிச்சிருக்காங்க. என் டேங்க்ல ஊத்தி எரிஞ்சு போன காசு எப்படிங்க என் வருமானம் ஆகும்?

மும்பைக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற மெஷினுக்கு சர்வீஸ் பாக்குறது என் வேலை, காலைல பாந்த்ரா, மத்தியானம் வொர்லி, சாயங்காலம் காட்கோபர்னு ஓட்டம்தான்.

அக்கவுண்ட்ஸ் மேடம் பொறுமையாத்தான் சொன்னாங்க. ஆபீஸ் வேலையா போன செலவைத் திருப்பிக் குடுத்தா அதுக்கு வரி இல்ல, ஆனா தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எல்லாம் லாக்ல, அதான் பயணக் கணக்கு ஷீட்ல இருக்கணும், கம்பெனி சர்டிபிகேட்டும் வேணும். வீட்டுலருந்து ஆபீஸ் வர்றது கணக்குல வராது. அதுக்கு முன்னாடியெல்லாம் மாசாமாசம் 1600 ரூபா வரைக்கும் விலக்கு இருந்துச்சு, 2018 பட்ஜெட்ல அதை எடுத்துட்டு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்னு சம்பளக்காரங்களுக்குப் பொதுவா ஒரு கழிவு குடுத்துட்டாங்க. இதெல்லாம் சரி, நான்தான் லாக் எழுதியிருக்கேனே மேடம்னேன்.

"எழுதியிருக்கீங்க, ஆனா மேப்ல காட்டுறதவிட தினமும் கூட இருக்கே, ஆடிட்டர் கேட்டா நான் என்ன சொல்ல?"

மனசு விட்டுப்போச்சு. பொய்க் கணக்கு எழுதுறவன்னு நினைச்சுட்டாங்களே. அவங்க போட்டுப் பாத்தது கார் போற வழி. பாந்த்ராலருந்து வொர்லிக்கு சீ லிங்க்னு கடல் மேல போற பாலத்துல 5.6 கிலோமீட்டர்ல கடலைத் தாண்டிரலாம், ஆனா அதுல பைக்கை விடமாட்டான். ஈஸ்டர்ன் ஃப்ரீவேலயும் கோஸ்டல் ரோட்லயும் அதே கதைதான். நாங்க மாஹிம், தாதர், பிரபாதேவின்னு சிக்னல் சிக்னலா நின்னு போகணும், மழை வந்து ஹிந்த்மாதால தண்ணி நின்னுச்சுன்னா அந்தப் பக்கம் போறப்ப இன்னொரு சுத்து. அந்தச் சுத்தும் என் முதுகு தாங்குன தூரம்தானே?

இந்த ஊரு எனக்குப் பழகிருச்சு, சத்தியமா. சயான் கோலிவாடால காலைல இட்லிக்காரர் சைக்கிள் ஹார்ன் கேட்டாத்தான் விடிஞ்ச மாதிரி இருக்கு, மராத்தில பேரம் பேசக்கூட வருது. ஆனா அன்னைக்கு மாஹிம் சிக்னல்ல நின்னு மீட்டரைப் பாத்தேன் பாருங்க, ஒரேடியா அம்பாசமுத்திரம் போயிட்டேன்.

அப்பா பால் சொசைட்டிகளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போறவரு. தினமும் காலைல எம்80 வண்டி முன்னாடி குத்தவச்சு, துண்டு நுனியால மீட்டர் கண்ணாடியத் தொடச்சு, நம்பரை ஒவ்வொண்ணா சத்தமா வாசிப்பாரு, நான் அரைக்குயர் நோட்டுல எழுதணும். சாயங்காலம் வந்ததும் காபிகூடக் குடிக்காம மறுபடி அதே. பயணப்படி பில்லுல ஒரு கிலோமீட்டர் கூடவும் எழுதமாட்டாரு, குறைக்கவும் விடமாட்டாரு.

ராத்திரி அம்மாகிட்ட போன்ல புலம்புனேன். "அந்த நோட்டெல்லாம் பரண்ல அப்படியே இருக்குப்பா, தூக்கிப்போட மனசு வரல"ன்னாங்க. மறுநாள் ஒரு பக்கத்தை வாட்ஸப்ல போட்டோ எடுத்து அனுப்புனாங்க. ரீடிங்குக்குப் பக்கத்துல ஒரு வரி: தாம்போதியில் வெள்ளம், சுற்றிப் போனது, 11 கி.மீ. கூடுதல். தாம்போதின்னா எங்க ஊர்ப் பக்கம் தரைப்பாலம்.

அன்னைக்கே என் ஷீட்ல காரணம்னு ஒரு கட்டம் சேத்தேன். சீ லிங்க்ல பைக்குக்கு அனுமதி இல்ல, மாஹிம் வழி. ஏப்ரல் பில்லை மேடம் ஒரு கேள்வி கேக்காம பாஸ் பண்ணிட்டாங்க, மார்ச்ல புடிச்சத வருமான வரி ரிட்டர்ன் போடுறப்பத்தான் கேக்கணும்.

அந்தப் போட்டோவ இன்னும் அழிக்கல. எழுத்து என்னோடது. தாம்போதியில் வெல்லம்னு எழுதி வச்சிருக்கேன், ல்ல-வை அடிச்சு மேல ள்ள போட்டிருக்கிற சிவப்பு மை அப்பாவோடது.