ஹேவ்லாக்கில் தனியாக ஸ்கூட்டர் எடுப்பவருக்கு

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு 2018 முதல் அரசுப் பெயர் சுவராஜ் தீப். ஜெட்டியிலும் கடைத்தெருவிலும் இன்னும் ஹேவ்லாக்தான். ஊர்களுக்கு கோவிந்த் நகர், விஜய் நகர், ராதா நகர் என்று பெயர் இருந்தாலும் வழி கேட்டால் மூணாம் நம்பர், அஞ்சாம் நம்பர், ஏழாம் நம்பர் என்றே சொல்வார்கள். பஜாரும் சந்திப்பும் மூணாம் நம்பர். அங்கிருந்து ஒரு சாலை கிழக்குக் கரையோரமாக அஞ்சாம் நம்பர் வழியே காலாபத்தர் கடற்கரைக்குப் போகும். இன்னொன்று காட்டு மேட்டில் ஏறி இறங்கி மேற்கே ஏழாம் நம்பரான ராதா நகர் கடற்கரைக்குப் போகும். ஜெட்டியிலிருந்து இரண்டு முனைக்கும் தலா 12 கி.மீ. போலத்தான். தூரம் ஒரு பொருட்டே இல்லை. இங்கே திட்டமிட வேண்டியது நேரத்தை.

கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது. ஆனால் தீவு இருப்பது 93 பாகை கிழக்கில். இந்திய நேரம் 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுவதால் சூரியன் இங்கே சுமார் 42 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், ஐந்தரைக்கு நல்ல இருட்டு. நம்மூர்ப் பழக்கத்தில் நான்கு மணிக்குக் காபி குடித்துவிட்டு ராதா நகர் கிளம்பினால் போய்ச் சேரும்போது பாதி வெளிச்சம் போயிருக்கும். திரும்பி வரும் காட்டுச் சாலையில் விளக்கு கிடையாது, மாடுகள் நடுவிலேயே படுத்திருக்கும். ஆகவே விடியலில் கிழக்கு, பிற்பகலில் மேற்கு. காலாபத்தருக்கு ஐந்து மணிக்கே வண்டியை எடுங்கள். ராதா நகருக்கு மூன்று மணிக்குள் போய்விடுங்கள்.

கடலுக்கும் நேரம் உண்டு. அஞ்சாம் நம்பரில் நீர் வற்றினால் வெகுதூரம் பாறையும் செத்த பவளமும்தான், குளிக்க முடியாது. நீர் ஏறும் நேரம் நாளுக்கு சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்றைய நேரத்தை வைத்து இன்றைக்குப் போகாதீர்கள். தங்குமிடத்தில் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வண்டி. கருப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையாகப் பதிந்த வாடகை வண்டி. வெள்ளைத் தகடு வண்டியைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும். உங்கள் உரிமத்தில் இருசக்கர வாகனம் இருக்கிறதா என்றும் பாருங்கள், கார் உரிமம் மட்டும் போதாது. முன்பணத்துக்குப் பதிலாக அசல் அடையாள அட்டையைக் கேட்டால் நகலும் ரொக்கமும் தருவதாகச் சொல்லுங்கள். திரும்பும் கப்பலுக்கு அந்த அட்டை வேண்டும், கடை திறக்கவில்லை என்றால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். கூட இன்னொருவர் இருந்தால் ஓடிப்போய் வாங்கி வருவார், தனியாளுக்கு அது நடக்காது.

வாங்கும்போது வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். பெட்ரோல் முள், பழைய கீறல்கள், கண்ணாடி, பிரேக் நெம்புகோல் எல்லாம் அதில் வரட்டும். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கிப் பாருங்கள், வண்டி நகர்ந்தால் வேறு வண்டி கேளுங்கள். டயரின் நடுப் பள்ளம் மழுங்கியிருந்தாலும் அப்படியே. கிக்கர் இருக்கும் வண்டியாக எடுப்பது நல்லது, உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் சீக்கிரம் பூத்துப்போகும். தீவில் ஒரே பெட்ரோல் பங்க்தான், பல கடைகள் கிட்டத்தட்ட காலி டேங்கோடுதான் தருவார்கள். இரண்டு லிட்டர் போட்டால் ஒரு நாள் சுற்றலுக்குத் தாராளம்.

அடிக்கடி நடப்பது ஒன்று. கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்து பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகாது. வண்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். புதிய ஸ்கூட்டர்களில் சைடு ஸ்டாண்டு முழுதாக மடங்கினால்தான் இன்ஜினுக்கு மின்சாரம் போகும். ஸ்டாண்டின் கீலில் ஈர மணல் ஒட்டிக்கொண்டால் அது அரை விரல் அளவுக்கு இறங்கியே நிற்கும், மேலிருந்து பார்த்தால் மடங்கியது போலத்தான் தெரியும். குடிநீர் ஊற்றிக் கழுவி, காலால் இரண்டு தடவை இறக்கி ஏற்றினால் சரியாகிவிடும். மணலில் நிறுத்தினால் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல்லோ காய்ந்த மட்டையோ வையுங்கள், இல்லாவிட்டால் மெல்லப் புதைந்து வண்டி சாய்ந்துவிடும். நிழல் என்று தென்னை மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

ராதா நகர் இறக்கத்தில் முழுக்க முறுக்கை விட்டுவிட்டால் வேகம் குறைந்ததும் கிளட்ச் விடுபட்டு இன்ஜின் பிடிப்பு போய்விடும், வண்டி தன் எடையிலேயே ஓடும். மெதுவாக இறங்க ஆரம்பியுங்கள். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறையும். காலாபத்தர் சாலையில் ஆபத்து வேறு: வளைவுகளில் தார் மேல் மெல்லிய மணல் படிந்திருக்கும். அங்கே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். தீவில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. எலும்பு முறிவுக்கு மேல் என்றால் கடல் தாண்டி ஸ்ரீ விஜயபுரம்தான், அதாவது பழைய போர்ட் பிளேர். ஆகவே அரைக்கால் சட்டையோடு ஓட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். தலைக்கவசம் தளர்வாக இருந்தால் கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பொருந்துவதைக் கேட்டு வாங்குங்கள்.

தனியாகக் குளிப்பவருக்குச் சாவிதான் பெரிய கவலை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைக்குள் போனால் கிடைக்காது. கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பையில் சாவி, கொஞ்சம் பணம், உரிமம். மிச்சமெல்லாம் சீட்டுக்கு அடியில். சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சீட்டை மூடவேண்டும், உள்ளே வைத்து அழுத்திவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர். ராதா நகரின் ஓரத்தில் நீல்ஸ் கோவ் என்ற சிறு வளைகுடாப் பக்கம் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். 2010-ல் அங்கே ஒரு பயணி முதலைக்குப் பலியானார். பலகை வைத்த இடத்தில் முழங்கால் நீரில்கூட இறங்க வேண்டாம். காவலர் விசில் ஊதியதும் கரையேறி, வண்டிக்கு வந்து, முகப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு உடனே கிளம்புங்கள்.